கட்டணமில்லாப் பள்ளியும் மூத்த மகளும்

ஒரு பொருளின் விலை குறைந்தால் அதனை நாடுவோர் தொகை பெருகும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். கல்விக்கும் இவ்விதி அப்படியே பொருந்துமானால், மும்பையின் தாராவியில் பள்ளிக்குச் செல்லாத பெண்ணே இருத்தல் கூடாது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் கட்டணமின்றிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. மகாராஷ்டிர அரசு பெண்களுக்கு 12ஆம் வகுப்பு வரை கட்டணத்தை 1980களிலேயே நீக்கிற்று. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறுவது, 2010 ஏப்ரல் 1 முதல் சட்டபூர்வமான உரிமையும் ஆகிவிட்டது. இருந்தும் ஏழைக் குடும்பத்தின் மூத்த மகள் இடைநடுவில் நின்றுவிடும் நிலை மறையவில்லை. கல்விக்காகக் குடும்பம் கொடுக்கும் விலையில் கட்டணம் ஒரு சிறு கூறு மட்டுமே என்பதே இதற்குக் காரணம். பெருங்கூறு அப்பெண்ணின் நேரம். இதனைப் பொருளாதார நூல்கள் ‘வாய்ப்புச் செலவு’ எனக் குறிப்பிடுகின்றன.

தாராவியில் அச்செலவு கண்ணெதிரே தெரிவதாகும். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கு மிகுதி. ஆடவரின் கூலி நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே தாயும் சம்பாதிக்க வேண்டும். மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கவும் சமைக்கவும் அவள் காலையிலேயே புறப்பட வேண்டியிருக்கிறது. பள்ளி மணி அடிப்பதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். கைக்குழந்தையை யார் பார்ப்பது? குறித்த நேரத்திற்கு மட்டுமே வரும் குழாய்த் தண்ணீரை யார் பிடிப்பது? இரண்டிற்கும் விடை பன்னிரண்டு வயது மகளே. முதலில் வாரத்தில் ஒரு நாள் வகுப்பு தவறும். பின்னர் மூன்று நாள் தவறும். பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பெண் குழாயடியில் இருப்பாள். தாய் பெறும் சம்பளத்தின் ஒரு பகுதி உண்மையில் மகள் ஈட்டியது. எக்கணக்கிலும் அது அவள் பெயரில் வருவதில்லை.

தொழில் வீட்டிற்குள்ளேயே நடைபெறுமானால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. தாராவியில் இட்லி அவித்து நகரெங்கும் அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. விடியுமுன் அடுப்பு மூட்டும் அவ்வீடுகளில் சிறுவர் சிறுமியர் கைகொடுப்பது இயல்பாகக் கருதப்படுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் இயற்றப்பட்டு 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் இச்சட்டம், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் உதவி செய்வதை விலக்குகிறது. ஏட்டளவில் விலக்கு நியாயமானதே. ஆனால் நான்கு மணிக்கு எழுந்த சிறுமி பத்து மணி வகுப்பில் கண்ணயர்வதை எந்த ஆய்வாளரும் குற்றமாகப் பதிய இயலாது.

நேரத்திற்கு ஈடு கொடுத்தால் என்ன என்ற கருத்து புதியதன்று. தொடக்க வகுப்புகளில் பயிலும் ஏழைப் பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வருகைப்படி வழங்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 1992இல் தொடங்கிற்று. நோக்கம் செம்மையானது, தொகைதான் இழப்புக்கு ஈடாகவில்லை. அத்துடன் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புக் கூடுவது தொடக்க வகுப்புகளுக்குப் பின்னரே. வங்காளதேசம் 1994 முதல் நாடு முழுவதும் இடைநிலை வகுப்புப் பெண்களுக்கு உதவித்தொகை வழங்கியபோது, 75 விழுக்காடு வருகையையும் மணமாகாதிருத்தலையும் நிபந்தனையாக்கிற்று. மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டமோ இடைநிலை வகுப்புகளில் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் தொகை அளித்தது. பெண்ணை எந்த வயதில் குடும்பம் நிறுத்துகிறதோ அந்த வயதிலேயே பணம் செல்ல வேண்டும் என்பதை இவ்விரு நாடுகளும் உணர்ந்திருந்தன. (ஆப்கானிஸ்தானில் 2021க்குப் பின் பெண்களின் இடைநிலைக் கல்வி தடைப்பட்டது அரசாணையால், அங்கு வறுமையைக் குறை கூறுவதில் பொருளில்லை.)

எனினும் பணத்தைக் காட்டிலும் நேரடியான வழி, அவள் சுமக்கும் வேலையையே இறக்கி வைப்பதாகும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது தாராவியும் அவற்றுள் ஒன்று. அங்கன்வாடிகள் ஊட்டத்தைப் பெருக்கின. ஆனால் சில மணி நேரமே திறந்திருக்கும் அங்கன்வாடியால், நாள் முழுதும் வெளியே உழைக்கும் தாயின் கைக்குழந்தையைக் காக்க இயலவில்லை. கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக 1969இல் டில்லியில் தோன்றிய ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு, வேலை செய்யும் இடத்திலேயே காப்பகம் நடத்தலாம் என்று காட்டிற்று. தம்பி தங்கையருக்கு இடம் கிடைத்தால் அக்காளின் கையும் ஓய்கிறது.

2022இல் மத்திய அரசு வகுத்த ‘பால்னா’ திட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கிறது. தாராவி போன்ற நெருக்கடியான பகுதிகளில் இதற்கு இடம் தேடும் அலுவலர்கள் மாநகராட்சிப் பள்ளி வளாகத்தையே முதலில் கருதுவது நன்று. தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்காள் அப்படியே மாடியேறி வகுப்புக்குச் செல்லலாம். தாயும் மாதுங்காவுக்குச் செல்லும் வழியில் இருவரையும் ஒருசேர விட்டுச் செல்வாள்.