ஒரு டேலண்ட் பால்கோவா என்ன விலை?

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் போய், "அண்ணாச்சி, ஒரு டேலண்ட் பால்கோவா கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால், சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் இப்படிக் கேட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 26 கிலோ நிறுத்துக் கொடுத்திருப்பார்கள்! (அங்கே பால்கோவா ஏது என்று கேட்காதீர்கள்.)

ஆம் குழந்தைகளே, டேலண்ட் என்பது முதலில் ஓர் எடையின் பெயர். 'தலாந்தோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தராசு, எடை என்று பொருள். அந்த எடையுள்ள வெள்ளிக்கும் அதே பெயர்தான். ஒரு டேலண்ட் வெள்ளி, 6000 திராக்மா காசுகளுக்குச் சமம். அன்று ஒரு கைத்தொழிலாளியின் தினக்கூலி சுமார் ஒரு திராக்மா. கணக்குப் போடுங்கள். ஒரு நாள்கூட விடாமல் உழைத்தாலும் ஒரு டேலண்ட் சம்பாதிக்க 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

எடை எப்படித் திறமை ஆனது? அதற்குக் காரணம் பைபிளில் வரும் ஒரு கதை. வெளியூர் போகும் எஜமான், தன் மூன்று வேலைக்காரர்களிடம் முறையே 5, 2, 1 டேலண்ட் கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் இருவரும் வியாபாரம் செய்து அதை இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாமவன் பயந்துபோய் மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிட்டான். திரும்பி வந்த எஜமானுக்குக் கோபமான கோபம்! இந்தப் பணம் என்பது கடவுள் தந்த ஆற்றலைக் குறிக்கிறது என்று போதகர்கள் விளக்கம் சொன்னார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'இயல்பான திறமை' என்ற பொருள் வந்துவிட்டது. தமிழ் பைபிளில் இதுதான் 'தாலந்து'. தேவாலயங்களில் பிள்ளைகளுக்கு 'தாலந்துப் போட்டி' நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கதையில் எஜமான் அவரவர் 'எபிலிட்டி'யைப் பார்த்துத்தான் டேலண்டைப் பிரித்துக் கொடுக்கிறார். எனவே இரண்டும் ஒன்றல்ல. ஒரு வேலையைச் செய்ய முடிவது எபிலிட்டி. பழகிப் பழகி வருவது ஸ்கில். விறகு அடுப்பில் கொதிக்கும் பாலை அடிப்பிடிக்காமல் கிண்டி, பக்குவம் பார்த்து இறக்குகிறாரே பால்கோவா மாஸ்டர், அது ஸ்கில். பிறக்கும்போதே யாரும் கரண்டியோடு பிறப்பதில்லை. பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் பெயர் பெற்ற வேட்டை நாய் (2005இல் தபால் தலையிலேயே இடம்பிடித்தது!) ஓடும் பிராணியைக் கண்டால் துரத்தும். அது அந்த இனத்துக்கே உள்ள குணம். அதை 'இன்ஸ்டிங்க்ட்' என்பார்கள். டேலண்ட் அப்படி அல்ல, ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். "அவன் ரொம்ப டேலண்ட்" என்று தமிழில் பேசும் பழக்கத்தில், ஆங்கிலத்திலும் 'ஹீ இஸ் டேலண்ட்' என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. 'ஹீ இஸ் டேலண்டட்' அல்லது 'ஹீ ஹேஸ் டேலண்ட்' என்பதே சரி. எதில் திறமை என்று சொல்ல, டேலண்டுக்குப் பின் 'ஃபார்' வரும்: 'ஷீ ஹேஸ் எ டேலண்ட் ஃபார் டிராயிங்'. எபிலிட்டிக்குப் பின் 'டு' வரும்: 'தி எபிலிட்டி டு டிரா'.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு நடத்தும் ஊரகத் திறனாய்வுத் தேர்வின் ஆங்கிலப் பெயரிலும் டேலண்ட் இருக்கிறது. ஆனால் கேள்விகள் எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்துதான் வருகின்றன! என்னைக் கேட்டால், 'ஸ்கில் தேர்வு' என்றே பெயர் வைத்திருக்கலாம். "எனக்கு டேலண்ட் இல்லை சார்" என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள் தேர்வாவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் நகராட்சிகள் என்பதால், அந்த எல்லைக்குள் படிப்பவர்கள் எழுத முடியாது. மம்சாபுரம், மல்லி போன்ற ஊர்களில் படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு. விண்ணப்பம் பற்றி உங்கள் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.