கூட்டத்தில் கைப்பேசி பறிபோனால் கணக்கைக் காப்பது எப்படி?

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை தில்லி பிரகதி மைதானத்தில் இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடைபெறுகிறது. தொடக்க நாட்கள் வணிகர்களுக்கென ஒதுக்கப்படுவது வழக்கம். அதன்பின் பொதுமக்களுக்கு வாயில் திறந்ததும், கரோல் பாக்கிலிருந்தும் ராமகிருஷ்ணாபுரத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்களும் புறப்பட்டுவிடுகின்றன. மெட்ரோவில் உச்ச நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, மாநில அரங்குகளைச் சுற்றிப் பார்த்து, கை நிறையப் பைகளுடன் வீடு திரும்பும்போதுதான் சிலருக்குத் தோள்பை திறந்து கிடப்பது தெரியவருகிறது.

போனவை சில நூறு ரூபாயும் ஒரு கைப்பேசியும் மட்டுமே என்றால் அந்த இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. இன்றோ அவற்றின் வழியாக வங்கிக் கணக்கையே எட்டிவிட முடிகிறது. எனவே திருட்டைத் தவிர்ப்பது எவ்வளவு முக்கியமோ, திருட்டுக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

குழுவாக நடக்கும் தொழில்

2024 அக்டோபரில் கொச்சியில் நடந்த ஆலன் வாக்கர் இசை நிகழ்ச்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் திருடுபோயின. புலனாய்வில் தில்லி, மும்பை நகரங்களிலிருந்து வந்த குழுக்கள் சிக்கின. கைப்பேசிகள் பல தில்லியில் மீட்கப்பட்டன. கூட்டத்தைத் தேடி மாநிலம் கடந்து செல்லும் அளவுக்கு இது திட்டமிட்ட தொழிலாகிவிட்டது.

இக்குழுக்களின் முறை எளியது. ஒருவர் முன்னே நின்று வழியை மறிப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து நெருக்குவார், மூன்றாமவர் எடுப்பார், எடுத்த பொருள் நொடியில் நான்காமவர் கைக்குப் போய்விடும். ஆகவே தோற்றத்தைப் பார்த்து எவரையும் ஐயுறுவதில் பயனில்லை. இடத்தைப் பார்த்து விழிப்படைவதே பயன் தரும். மெட்ரோ பெட்டியின் கதவோரம், நகரும் படிக்கட்டின் அடிப்பகுதி, நுழைவு வாயிலின் நெரிசல் ஆகியவை அத்தகைய இடங்கள். காரணமின்றித் திடீரென நெருக்கம் கூடினால், கை உடனே பையின் மீது செல்லட்டும்.

மெட்ரோ நிலையச் சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. பையை ஊடுகதிர்க் கருவியில் வைத்துவிட்டு நாம் வரிசையில் காத்து நிற்க, பை மறுபுறம் வந்து கேட்பாரற்றுக் கிடக்கும். நம்மைச் சோதிக்கும் முறை நெருங்கிய பின்னரே பையை உள்ளே அனுப்புவது நல்லது.

புறப்படும் முன்

பலர் கைப்பேசி உறையின் பின்புறத்திலேயே டெபிட் கார்டைச் செருகி வைக்கின்றனர். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. கார்டின் கடைசி ஆறு எண்கள், அதன் காலாவதி மாதம், சிம்முக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவை புதிய யு.பி.ஐ. பின் எண் அமைப்பதற்கான திறவுகோல்கள். சில வங்கிகள் ஏ.டி.எம். பின் எண்ணையும் கேட்கும். அந்த எண்ணையும் எழுதி உடன் வைத்திருந்தால் கணக்கின் சாவிக்கொத்தையே ஒப்படைத்தது போலாகும். கார்டு ஓரிடத்திலும் கைப்பேசி வேறிடத்திலும் இருக்கட்டும்.

கைப்பேசிக்குப் பூட்டு இருக்கிறதே என்று அமைதி கொள்ள வேண்டாம். சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் இட்டால் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். இதைத் தடுப்பது சிம் பூட்டு. கைப்பேசியின் அமைப்புகளில் இதை இயக்கலாம். தொலைபேசி நிறுவனம் தந்துள்ள தொடக்க எண்ணைக் கேட்டறிந்த பின் செய்யுங்கள். மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கிவிடும்.

தொட்டுச் செலுத்தும் கார்டில் ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் வரை பின் எண் தேவையில்லை. இவ்வசதியை நிறுத்தவும், செலவு வரம்பைக் குறைக்கவும் 2020 அக்டோபர் முதல் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கண்காட்சிக்குச் செல்லும் நாளில் வங்கிச் செயலியில் இதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபின் இயக்கிக்கொள்ளலாம்.

இறுதியாக, *#06# என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், வங்கியின் உதவி எண்ணையும், குடும்பத்தார் ஒருவரின் எண்ணையும் தாளில் எழுதி, பையில் அன்றிச் சட்டையின் உட்பையில் வையுங்கள். வங்கியின் எண் கார்டின் பின்புறம் இருக்கிறது என்பது உண்மைதான். கார்டே போன பின் அதை எங்கே தேடுவது?

பறிபோன பின்

முதல் அழைப்பு வங்கிக்கு. உடன் வந்தவரின் கைப்பேசியிலிருந்து அழைத்து, கார்டையும் யு.பி.ஐ.யையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்துக்குப் பெரும் மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தாலும், அவர் தெரிவித்த பின் நிகழும் அங்கீகாரமற்ற பரிவர்த்தனையின் இழப்பை வங்கியே ஏற்கும். தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதாகும். பதற்றத்தில் கூட்டத்துக்குள் தேடி அலையும் அரை மணி நேரம் யாருக்குச் சாதகம் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டாவது அழைப்பு தொலைபேசி நிறுவனத்துக்கு. சிம்மை முடக்க வேண்டும். பணமும் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். காவல் உதவிக்கு 112.

ஊர் திரும்பும் ரயிலில் ஏறிய பின்னரே திருட்டு தெரியவந்தாலும் கலங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியிலும் தரலாம். அவ்வாறு தந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். புகாரின் நகலைக் கொண்டு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் கைப்பேசியையே முடக்கலாம். தில்லியில் 2019 இறுதியில் அறிமுகமான இவ்வசதி, 2023 மே முதல் நாடு முழுவதும் கிடைக்கிறது.

சில நாட்களில் 'உங்கள் கைப்பேசி கிடைத்துவிட்டது' என்று ஓர் இணைப்புடன் குறுஞ்செய்தி வரக்கூடும். கடவுச்சொல்லைப் பறிக்கும் இரண்டாம் வலை அது. இணைப்பைத் தொடாமல் காவல் நிலையத்தை அணுகுங்கள்.

விழாவுக்கும் கண்காட்சிக்கும் அச்சத்தோடு செல்ல வேண்டியதில்லை. புறப்படும் முன் பத்து நிமிடங்கள் ஒதுக்கி இவற்றைச் செய்துவிட்டால் போதும். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களின் கைப்பேசியையும் வாங்கி இவற்றை நீங்களே செய்து கொடுங்கள்.