டைட்டானிய மிதிவண்டி

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழ்வோர்க்குக் கடற்காற்று ஒரு வரம். இரும்புக்கோ அது பகை. சன்னற்கம்பி முதல் மிதிவண்டிச் சங்கிலி வரை யாவும் உப்பீரத்தால் துருவேறுவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறிருக்க, கால் நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்டும் துருவையே அறியாத மிதிவண்டிச் சட்டம் ஒன்று கைக்குக் கிடைத்தால், அதை மீண்டும் முழு வண்டியாக்குவது எங்ஙனம்? இதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அச்சட்டம் டைட்டானியத்தால் ஆனது. 1791இல் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வால் மணலில் இவ்வுலோகத்தைக் கண்டறிந்தார். 1795இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயர் சூட்டினார். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலும் இதன் தாதுவாகிய இல்மனைட்டு உண்டு. ஒரே கன அளவில் எஃகின் எடையில் பாதிக்குச் சற்றே மிகுதியான எடைதான் இதற்கு. காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பில் தோன்றும் மெல்லிய ஆக்சைடுப் படலமே இதற்குக் கவசமாகிறது.

மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்று 1970களில் கலிபோர்னியாவில் ஒருவகை மிதிவண்டி உருவாயிற்று. அதில், முன் போர்க்கில் மட்டும் அதிர்வு தாங்கும் வில் அமைந்ததை ‘ஹார்டு டெயில்’ என்பர். அத்தகைய பழைய சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதற்பணி சோதனை. துரு இல்லை என்பதால் பழுதும் இல்லை என்று எண்ணிவிடலாகாது. குழாய்கள் கூடும் பற்றவைப்பு இடங்களை நன்கு துடைத்து, விளக்கொளியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின் அச்சட்டத்தில் ஏறலாகாது. அதைத் தெருமுனைப் பட்டறையில் பற்றவைக்கவும் கூடாது. சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உட்கொண்டு நொறுங்கும் தன்மை அடையும். ஆகவே, குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு சூழவே பற்றவைக்க வேண்டும்.

இரண்டாம் பணி அளவை. கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் பயிலும் வெர்னியர் அளவி இங்கே துணைசெய்யும். சீட் பில்லர் 27.2 மில்லிமீட்டரா, பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி 135 மில்லிமீட்டரா என அளந்தபின்னரே பொருள் வாங்குக. டயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘26 அங்குலம்’ என்ற பெயர் ஒன்றாயினும் அளவுகள் பல. பழைய மலைப்பாதை வண்டியின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர்; 26 x 1⅜ எனக் குறித்த டயருக்கோ 590. ஒன்று மற்றொன்றில் அமராது. முன் போர்க்கையும் பழைய உயரத்திலேயே தேர்க. 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் முன்புறக் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாயும். சட்டத்தின் தலைப் பகுதி தாங்கும் விசையும் மிகும்.

மூன்றாம் பணி இணைப்பு. டைட்டானியத்தோடு அலுமினியம் தொட்டு நிற்க, இடையே உப்பீரமும் புகுந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது டைட்டானியம் அன்று, அலுமினியமே. அரிப்பால் விளையும் பொருள் பருத்து, சீட் பில்லரைச் சட்டத்தினுள் இறுகப் பூட்டிவிடும். ஆதலின் புரியாணிகளிலும் பில்லரிலும், இறுக்கம் தடுக்கும் பசையைத் தடவியே பொருத்துகிறேன். கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டியாயின் சில திங்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதுப்பசை இடுகிறேன்.

தியாகராய நகரின் நெரிசலில் பிரேக்குப் பிடித்து நிற்கும் அந்நொடியில் நம்மைக் காப்பது சட்டத்தின் விலையன்று. ஒவ்வோர் உறுப்பும் தன் அளவில் பொருந்தி நிற்பதே காப்பாகும். மாணவ நண்பர்களே, அழியா உலோகம் கிடைத்துவிட்டது என்று வாளாவிருத்தல் ஆகாது. அதனோடு சேரும் அழியும் உறுப்புகளைப் பேணுவோர்க்கே அதன் முழுப்பயனும் கிட்டும்.