தேங்காய் விழுந்த தலை

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் சிலாபம், மாரவில, வென்னப்புவ பக்கமெல்லாம் தென்னந்தோட்டம்தான். நம்ம லயத்துப் பிள்ளைகளும் தேங்காய் பறிக்க, பொறுக்க, மட்டை உரிக்க என்று அங்கே போகிறார்கள். மலையில் சறுக்கி விழுவது நமக்குப் பழக்கம். அங்கேயோ கள் இறக்குகிறவர் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடக்கிறார். தேங்காயையும் லேசாக எண்ண வேண்டாம். பப்புவா நியூகினியின் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு வருடக் கணக்கைப் பார்த்து, வைத்தியர் பீட்டர் பார்ஸ் 1984இல் எழுதினார்: காயப்பட்டு வார்டில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 2.5 பேர் தேங்காய் விழுந்து வந்தவர்கள்.

அடிபட்டவர் கொஞ்ச நேரம் மயங்கி, பிறகு எழும்பி, தேத்தண்ணி கேட்டுக் குடிப்பார். "ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குக் கூட்டிப் போவோம். இங்கேதான் ஏமாறுகிறோம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடித்தால் நாடி கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் இரத்தம் சேரும். மண்டையோடு விரியாது, நசுங்குவது மூளைதான். சில மணி நேரத்தில் தூக்கம் போல மயக்கம் வரும். "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டால் விடியும்போது ஆள் இல்லை.

வயதானவர்களுக்கு வேறு விதம். மூளை சுருங்கியிருப்பதால் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் கிழிந்து மெதுவாகக் கசியும். இரண்டு மூன்று கிழமை கழித்துத் தலையிடி, தடுமாற்றம், பேச்சுக் குழப்பம் வரும். "தாத்தாவுக்கு வயசாயிருச்சு" என்கிறோம். அவர் விழுந்த கதையை வைத்தியரிடம் யாரும் சொல்வதில்லை. நிறையக் குடிக்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

வெளிக்காயத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு வெடிப்புத் தெரியலாம், இரத்தம் தெரியாது. சி.டி. ஸ்கேனில் புதிய இரத்தம் வெள்ளையாகத் தெரியும். கழுத்து நாடியிலும் சந்தேகம் என்றால் ஊசி மூலம் சாயமருந்து ஏற்றிப் படமெடுப்பார்கள். இரத்தம் அதிகமானால் மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்து நாடியை அடைப்பார்கள். பழைய கசிவுக்குப் பெரும்பாலும் சிறு துளை போதும். மண்டையைத் திறப்பதா என்று பயந்து கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால், போகிற நேரம் மூளையின் நேரம்.

கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் போன்ற மருந்து கொடுப்பதுண்டு. மூளைக்குள் கசிவு இருந்தால் அதே மருந்து கெடுதி. ஆகவே தலையிடிக்கு டிஸ்பிரின் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாராயமும் வேண்டாம்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் 1990க்கு அடியுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. கழுத்தை ஆட்டாமல் தூக்குங்கள். எத்தனை மணிக்கு அடிபட்டார், எப்போது மயங்கினார் என்று ஒரு துண்டில் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.