வாள் நீங்கிய கையும் தேயிலைக் கொழுந்தும்

தேயிலை என்னும் சொல்லின் முன்நிற்கும் ‘தே’ சீனத்துப் புகியன் கரையோர மொழிக்குரியது. கடல்வாணிகம் செய்த ஐரோப்பியர் வாயிலாக நம்மிடம் வந்தது. யப்பானியரோ அவ்விலையைச் ‘சா’ என்பர். பெயர் வேறுபட்டவாறே பக்குவமும் வேறுபட்டது. நம் மலைநாட்டுத் தொழிற்சாலைகளிற் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படக் கருகவிட்டு உலர்த்துவர். யப்பானியர் கொய்த இலையைத் தாமதமின்றி நீராவியில் அவித்து, அதன் பசுமையைக் காத்துக்கொள்வர். பாலும் சீனியும் அதனுட் புகா.

அந்நாட்டுத் தேநீரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தேநீர்ச் சடங்கையும், அதனைச் செம்மை செய்த சென் நோ ரிக்கியுவையும் (1522–1591) வியந்து அமைந்துவிடுவர். இலையைப் பயிரிட்டவர் யாவர் என்று வினவுவார் சிலரே. வினவுவோர் சிசுவோக்கா மாகாணத்து மக்கினோகரா மேட்டுநிலத்தை அறிதல் வேண்டும்.

1868 ஆம் ஆண்டிலே தொக்குகாவா குலத்தின் ஆட்சி வீழ்ந்தது. இறுதிச் சோகுனாகிய யொசினோபு சிசுவோக்காவில் ஒடுங்கி வாழ்ந்தார். அவரைக் காத்துநின்ற சாமுராய் வீரர்க்குக் காவற்றொழிலும் இல்லை, ஊதியமும் இல்லை. சூசோ ககெஅக்கி என்பாரைத் தலைவராகக் கொண்டு அவர்கள் 1869 இல் மக்கினோகராவிற் புகுந்து காடு வெட்டத் தொடங்கினர். நீர் அரிதான, பிற பயிர் விரும்பாத புளித்த மண். தேயிலைக்கு மட்டும் அது குறையன்று.

அம்மேட்டின் அருகே ஓயி ஆறு ஓடுகின்றது. சோகுன்மார் காலத்தில் அதற்குப் பாலமும் தோணியும் விலக்கப்பட்டிருந்தன. வழிப்போக்கரைத் தோளில் ஏற்றி ஆறு கடத்துவதே ஒரு கூட்டத்தாரின் பரம்பரைத் தொழில். 1870 இல் அவ்விலக்கு நீங்கியது, தோணி வந்தது, சுமந்தவர் பிழைப்பிழந்தனர். அவருள்ளும் ஒரு பகுதியினர் மேட்டுக்கு ஏறினர். வாளை இழந்தவரும் ஆற்றை இழந்தவரும் ஒரே மண்ணைக் கொத்தினர். வீரர் பலர் அவ்வுழைப்பைத் தாங்காது விலகிப் போயினர் என்பதையும் மறைத்தலாகாது. அயலூர் உழவரே தோட்டங்களை நிலைநிறுத்தினர்.

கியோத்தோவுக்குத் தெற்கேயுள்ள ஊஜியின் கதை இதனினும் பழையது. ஊஜித்தவாராவில் வாழ்ந்த நாகத்தானி சோயென் என்பார் 1738 இல், அவித்த இலையைச் சூடான அடுப்புமேசையிற் கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மை செய்தார். இன்று ‘செஞ்சா’ எனப்படும் தேயிலை அதன் வழிவந்தது. ஊஜி உழவர் கொய்தற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னரே செடிகளை நாணற்றட்டியாலும் வைக்கோலாலும் மூடுவர். வெயில் படாத கொழுந்திற் கசப்புக் குறைந்து சுவை திரளும். அவ்வாறு பெறும் இலை ‘கியொகுரோ’. மணி போன்ற பனித்துளி என்பது பொருள். கொதிநீர் அதற்கு ஆகாது. கை பொறுக்கும் அளவு ஆறிய நீரே வேண்டும். அரைத்துப் பொடியாக்கும் ‘மாச்சா’வும் நிழலில் வளர்ந்த இலையே.

மாச்சாவுக்கு முன்னர் இனிப்பு உண்பது மரபு. நம் யாழ்ப்பாணத்தார் பனங்கட்டியைக் கடித்தபடி வெறுந்தேநீர் பருகுவர்; சடங்கிலோ இனிப்பை முற்றும் உண்டபின்னரே கிண்ணத்தைத் தொடுவர். இனிப்புகளுள் ‘யோக்கான்’ என்பது சிவந்த பயற்றைக் கடற்பாசியுஞ் சீனியுஞ் சேர்த்து இறுக்கிய கட்டி. அப்பெயரை எழுதும் சீன எழுத்துக்களுக்கு ஆட்டிறைச்சிச் சாறு என்பதே பொருள்! புலால் மறுத்த சென் துறவியர் பயற்றாற் பதிலி செய்தனர். பண்டம் மாறியும் பெயர் மாறவில்லை. சொல்லாராய்ச்சியாளர் சுவைக்கத்தக்க இனிப்பு இது.

சிக்கொக்குத் தீவின் தொக்குசிமாவில் நாட்டுக்கரும்பிலிருந்து ‘வசன்போன்’ என்னும் நுண்சீனி செய்வர். நீர் விட்டுக் கையாற் பிசைந்து, பிழிந்து, மீண்டும் பிசைந்து பெறுவது. அச்சில் அழுத்திய பூவிதழ் நாவிற் பட்டதும் கரையும். அதே மாகாணத்தார் கோடைவரை முற்றவிட்ட இலையை வேகவைத்து, மிடாவிலிட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, ‘ஆவா பஞ்சா’ என்னும் புளிப்புத் தேயிலையும் ஆக்குவர். அரண்மனை அறியாத வீட்டுத் தேயிலை; எனினும் ஊஜிக்கு இளைத்ததென்று யாம் கொள்ளோம்.

2024 ஆம் ஆண்டிலே, நெடுங்காலம் முதலிடம் வகித்த சிசுவோக்காவைத் தென்கோடிக் ககோசிமா உற்பத்தியில் முந்திவிட்டது. ககோசிமாத் தோட்டங்கள் சமநிலத்தன. பெரும்பொறிகள் எளிதில் ஓடும். சிசுவோக்காவின் சரிவுகளிலோ முதியோரே எஞ்சியுள்ளனர். உலகெங்கும் மாச்சாவைப் பாலிற் கலக்கும் புதுவழக்கம் பரவியமையால், செஞ்சாவைக் கைவிட்டு அதற்கு மாறுவோரும் பலர்.

கைவிடப்படும் சரிவுகளோடு வேறொன்றும் போகின்றது. சிசுவோக்கா உழவர் தோட்டங்களின் அருகே புல்வெளிகளைப் பேணுவர். இலையுதிர்காலத்திற் புல்லை அரிந்து, உலர்த்தி, நறுக்கித் தேயிலை வரிசைகளுக்கிடையே பரப்புவர். மண் ஈரங் காக்கும். ஆண்டுதோறும் அரிவதனாலேயே அவ்வெளிகளில் மரம் மூடாது, வேறிடங்களில் அருகிவரும் காட்டுப்பூக்கள் தழைக்கின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013 இல் இம்முறையை உலக வேளாண்மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அங்கீகாரம் கிடைத்துவிட்டது, அரிவாளேந்த இளையோர் வரவேண்டும்.