கண்டி மன்னரின் ஒல்லாந்தச் சிம்மாசனம்

தம்புள்ளைக் குன்றின் மீது ஏறிச் செல்வோர் முதலிற் காண்பது, வெண்ணிற வளைவுகள் வரிசையாய் அமைந்த நீண்ட தாழ்வாரமாகும். குகைகளைப் போலவே அதுவும் தொன்மையானது என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது 1938ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம். வளைவுகளிலும் முக்கோண முகப்புகளிலும் மேனாட்டுச் சாயல் வெளிப்படை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள குகைகளுக்கு இப்படியொரு முகப்பா என்று முகஞ்சுளிப்பாரும் உளர். அவர்கள் மூன்றாவது குகைக்குட் சற்றே சென்று பார்த்தல் நன்று.

அக்குகையை விகாரையாக்கியவன் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782). அவனுடைய உருவச்சிலையும் அங்கே நிற்கிறது. மதுரை நாயக்கர் உறவில் வந்தவனாயினும் இலங்கையிற் பௌத்தத்துக்குப் புத்துயிர் அளித்தவன் என்று போற்றப்படுபவன் அவன். அத்தகைய மன்னனின் சிம்மாசனம் எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தரிடமிருந்து!

1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒல்லாந்தர் அளித்த பரிசு அது. வடிவத்தில் அக்கால ஐரோப்பியக் கைநாற்காலியே. மரத்தின் மேல் பொற்றகடு போர்த்து, மணிகள் இழைத்திருக்கிறார்கள். ஆனால் கைகளைப் பாருங்கள்: இரண்டும் சிங்கங்கள், அவற்றின் கண்கள் செவ்வந்திக் கற்கள். முதுகின் உச்சியிலோ, கண்டி மன்னர் தம் குலமுதலாகக் கொண்ட சூரியன் பொன்னொளி வீசுகிறான். பரிசளித்தோர் பெறுபவரின் மனமறிந்தே செய்திருக்கின்றனர். 1761 முதல் 1766 வரை ஒல்லாந்தரோடு கடும் போர் புரிந்த கீர்த்தி ஸ்ரீ, அவர்கள் தந்த சிம்மாசனத்தைத் துறந்தானல்லன். கண்டி அரசு வீழ்ந்த 1815 வரை அது அரசரின் இருக்கையாகவே இருந்தது.

லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டையொட்டிக் கண்டி மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கியின் கதை இன்னும் சுவையானது. அதன் வெண்கலக் குழல் ஒல்லாந்த வார்ப்பு என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அதன் மேல் நம் நாட்டுக் கம்மியர் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்துச் சூரியன், பிறை, சிங்கம் ஆகிய அரச சின்னங்களைப் பொறித்தனர். கொல்லும் கருவி கொலுவிருக்கும் அணிகலனாயிற்று!

கீர்த்தி ஸ்ரீ அரியணை ஏறிய அதே 1747இல், சீனப் பேரரசர் சியென்லுங் பீக்கிங் நகருக்கு அருகே தம் வேனில் மாளிகையில் ஐரோப்பிய பாணி மண்டபங்களை எழுப்பத் தொடங்கினார். யேசு சபையைச் சேர்ந்த இத்தாலிய ஓவியர் கஸ்டிலியோனே திட்டம் வகுத்தார். பிரெஞ்சுக்காரர் பெனுவா நீரூற்றுகளை அமைத்தார். சுவர்கள் ஐரோப்பிய முறையில் எழுந்தன. கூரைக்கோ மெருகிட்ட சீன ஓடுகள். ஊற்றொன்றில் சீனப் பஞ்சாங்கத்தின் பன்னிரு விலங்குத் தலைகள் அமைந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய இரண்டு மணி நேரத்தில் நீர் உமிழும். நண்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து உமிழுமாம். நீரூற்றே நாழிகைக் கருவியாயிற்று.

பீங்கானிலும் இதே கதைதான். பொன்னைக் கரைத்துப் பெறும் இளஞ்சிவப்பு எனாமல் ஐரோப்பியரிடமிருந்து பீக்கிங் அரண்மனைப் பட்டறைக்கு வந்தது. சீனர் இத்தகையவற்றை ‘அந்நிய வர்ணங்கள்’ என்றே கூசாது அழைத்தனர். பின்னர் அதே இளஞ்சிவப்புப் பூக்கள் மலர்ந்த கிண்ணங்களை ஐரோப்பியச் சீமாட்டிகள் அசல் சீனப் பொருளென்று விலை கொடுத்து வாங்கினர்! கடன் வாங்கிய கை எது, கடன் கொடுத்த கை எது என்று பிரித்தறிவது எளிதன்று.

கொடுத்துப் பெற்ற காலம் போய், பறித்துச் சென்ற காலமும் வந்தது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது பீரங்கி பறிபோயிற்று. 1815க்குப் பின் சிம்மாசனம் இங்கிலாந்து சென்றது. 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் வேனில் மாளிகையைக் கொள்ளையிட்டன. பின்னர் ஆங்கிலேயர் அதனைத் தீக்கிரையாக்கினர். விலங்குத் தலைகள் சிதறின. ஐரோப்பியர் வகுத்த கலைவடிவம் என்பது எரித்த கைகளைத் தடுக்கவில்லை.

அத்தலைகளுள் ஏழு மீண்டும் சீனம் சேர்ந்துள்ளன. சிம்மாசனம் 1934இல் திரும்பியது. அம்ஸ்ரர்டாம் நகரில் இருந்த பீரங்கியோ, வாள், துப்பாக்கி முதலான வேறு ஐந்து பொருள்களுடன் 2023 டிசம்பரிலேதான் தாயகம் வந்தது. சிம்மாசனமும் பீரங்கியும் இன்று இருப்பது கொழும்பு நூதனசாலையில். தம்புள்ளைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் குழுவினர் வழியில் அவற்றையும் கண்டு செல்லலாம். ஆசிரியர்கள் அதற்கென அரைநாள் ஒதுக்கினாற் போதும்.