மூக்குக்குள் விரல் எதற்கு?

குட்டீஸ்! அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் சைக்கிளில் போய் வந்தால், மூக்குக்குள் கறுப்பாக அழுக்கு சேருமே... தூசி நுரையீரலுக்குப் போகாதபடி மூக்குச்சளி பிடித்து வைத்ததுதான் அது. உடனே விரல் உள்ளே போகிறதா?

உங்களை மட்டும் சொல்லவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆண்ட்ராடே, ஸ்ரீஹரி இருவரும் 200 பள்ளி மாணவர்களிடம் விசாரித்தனர். ஏறக்குறைய எல்லாருமே மூக்கு நோண்டுவதாக ஒப்புக்கொண்டனர்! 25 சதவீதம் பேருக்கு ரத்தமும் வந்திருக்கிறது. முதலில் சிரிக்கவும், பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான, 'இக் நோபல்' பரிசு, 2001ல் இதற்குக் கிடைத்தது.

மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம், மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. நகம் பட்டால் கிழியும். நகத்திலுள்ள கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும்.

ஒருமுறை வகுப்பில் ரத்தம் கொட்டிய பையனை, 'அண்ணாந்து பாருடா' என்றேன். தப்பு! ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, பாவம், வாந்தி எடுத்துவிட்டான். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சு விடலாம். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் ஓடுங்கள்.

சரி, அழுக்கை எப்படி எடுப்பது? குளிக்கும்போது ஈரத்தில் அது இளகிவிடும். அப்போது ஒவ்வொரு துளையாக, மெதுவாகச் சிந்தினால் தானே வந்துவிடும்.